மலிவு விலையில் பழைய அக்கார்டியன்: முதன்முறை வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கற்றுக்கொள்ளத் தொடங்குபவர் பழைய அக்கார்டியன் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் பழைய கிட்டார் வாங்குவதுபோல் இதை நினைத்துவிடாதீர்கள். கிட்டாரில் தந்தி போனால் தந்தி மாற்றினால் போதும். அக்கார்டியனுக்குள் காற்று பட்டு ஒலிக்கும் மெல்லிய எஃகு நாக்குகளான ரீட்கள் நூற்றுக்கணக்கில், அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கும் மெழுகு, காற்றை அடைக்கும் தோல் துண்டுகள், அட்டையும் துணியும் தோலும் சேர்ந்த துருத்தி எல்லாம் இருக்கின்றன. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இவற்றுக்கு வயதாகும். பெட்டியைக் கொடுத்தவருக்கு நீங்கள் கொடுக்கும் பணம் செலவின் ஒரு பகுதிதான். மீதியைப் பழுதுபார்ப்பவர் வாங்கிக்கொள்வார். அதனால் இன்றைக்கே எல்லா ஸ்வரமும் பேசுகிற, சுருதி நிற்கிற சிறிய பெட்டி கிடைத்தால் எடுங்கள். "கொஞ்சம் வேலை பார்த்தால் போதும்" என்று தருகிற பெரிய பெட்டியைவிட அது எப்போதும் மலிவு.

"வாங்கி வைத்ததோடு சரி, யாருமே வாசிக்கவில்லை, புதுசு மாதிரி" என்கிறார்கள். நல்லதுதானே?

பெரும்பாலும் இல்லை. தொடர்ந்து வாசிக்கப்பட்ட பெட்டியில் ரீட்கள் அசைந்துகொண்டே இருக்கும், உள்ளே காற்று மாறும், சின்னக் கோளாறுகள் உடனுக்குடன் தெரியவந்து சரிசெய்யப்பட்டிருக்கும். பரணிலோ கட்டிலுக்கடியிலோ நாற்பது வருடம் கிடந்த பெட்டியில் மெழுகு காய்ந்து வெடித்திருக்கும். தோல் துண்டுகள் சுருண்டிருக்கும், ஈரம் பட்ட ரீட்களில் துரு ஏறியிருக்கும், கட்டைகளோடு இணைந்த காற்று மூடிகளுக்கு அடியிலுள்ள கம்பளித் துணியை அந்துப்பூச்சி அரித்திருக்கும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டைகளின் ஓரம் கொஞ்சம் தேய்ந்து, வார் ஒருமுறை மாற்றப்பட்டு, போன வருடம் வரைக்கும் யாரோ வாசித்துக்கொண்டிருந்த பெட்டியைத் தேடுங்கள்.

உள்ளே என்னதான் இருக்கிறது? தெரிந்துகொள்வது அவசியமா?

கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் குறைக்கு என்ன செலவாகும் என்று புரியாது.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் அலுமினியத் தகடு. அதில் இரண்டு துளைகள், துளைக்கு ஒன்றாக இரண்டு எஃகு நாக்குகள். துருத்தியை இழுக்கும்போது ஒன்று பேசும், தள்ளும்போது மற்றது பேசும். பேசாத பக்கத்தில் காற்று வீணாகாதபடி ஒரு தோல் அல்லது பிளாஸ்டிக் துண்டு அந்தத் துளையை மூடிக்கொள்ளும். இந்தத் தகடுகள் எல்லாம் மரத்தாலான ரீட் பிளாக்குகள் மேல் வரிசையாக நிற்கும். அவற்றைப் பிடித்திருப்பது தேன்மெழுகும் மரப்பிசினும் கலந்த ஒரு கலவை. கட்டையை அழுத்தினால் மூடி ஒன்று திறந்து அந்தத் தகட்டுக்குக் காற்று போகும்.

கணக்கையும் பாருங்கள். 41 கட்டை, ஒரு கட்டைக்கு மூன்று ரீட் தகடு என்றால் வலது பக்கத்தில் மட்டும் 246 நாக்குகள். இடது பக்கத்தில் 12 ஸ்வரத்துக்கு ஐந்து வரிசை ரீட் என்றால் இன்னும் 120. ஆக மொத்தம் 366. சுருதி சேர்க்க வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து இத்தனை நாக்கையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி, கேட்டு, மறுபடி சுரண்ட வேண்டும். சுருதி போன பெட்டி ஏன் அடிமாட்டு விலைக்கு வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

பியானோ கட்டை உள்ளதா, பட்டன் உள்ளதா?

கீபோர்டோ ஆர்மோனியமோ தொட்டுப் பழகியவருக்குப் பியானோ கட்டை வைத்தது எளிது. பட்டன் வைத்த, இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே ஸ்வரம் தரும் குரோமாட்டிக் வகையும் அருமையானதுதான். அதே அகலத்தில் அதிக ஸ்வரங்கள் கிடைக்கும், எந்தச் சுருதிக்கு மாறினாலும் விரல் அமைப்பு அநேகமாக மாறாது. ஆனால் அதில் பி முறை, சி முறை என்று பட்டன் அடுக்குவதில் வேறுபாடு உண்டு. நீங்கள் கற்கப்போகும் ஆசிரியர் அல்லது பாடம் எந்த முறையோ அதையே வாங்க வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்குப் பட்டன் அக்கார்டியன் போலவே இருக்கும் டயடானிக் வகையில் ஒரே பட்டனை இழுத்தால் ஒரு ஸ்வரம், தள்ளினால் வேறு ஸ்வரம் வரும். சில நாடுகளின் நாட்டுப்புற இசைக்கு அது அற்புதமான கருவி. திரைப்பாட்டோ பல சுருதியில் பொதுவான பாட்டுகளோ வாசிக்க நினைப்பவருக்கு அது பெரும் சிரமம். விற்பவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்துத் தள்ளிப் பாருங்கள், பத்து நொடியில் தெரிந்துவிடும்.

எத்தனை பாஸ் வாங்குவது? 12, 48, 72, 120 என்றெல்லாம் சொல்கிறார்களே.

அந்த எண் இடது பக்கத்திலுள்ள பட்டன்களின் எண்ணிக்கை. ஸ்ட்ராடெல்லா என்ற அமைப்பில் 120 பட்டன் என்றால் 20 நிரல், நிரலுக்கு 6 பட்டன்: கவுண்ட்டர் பாஸ், பாஸ், மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்ட். முதல் இரண்டும் தாழ்ந்த ஒற்றை ஸ்வரம் தருபவை, மற்ற நான்கும் பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள். அடுத்தடுத்த நிரல்கள் ஐந்தாம் ஸ்வர உறவில், அதாவது ச–ப உறவில் நகரும். 96 என்பது 16 நிரல், 6 வரிசை. 80 என்பது 16 நிரல், 5 வரிசை, டிமினிஷ்ட் இருக்காது. 72 என்பது 12 நிரல், 6 வரிசை. 48 பெரும்பாலும் 12 நிரல், 4 வரிசை.

12 பாஸ் பெட்டியில் ஆறு பாஸும் ஆறு மேஜரும் மட்டுமே. மைனர் கார்டு கிடையாது. சிறு குழந்தைக்குச் சரி. பெரியவர்கள் சில மாதத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதற்காக நேராக 120க்குத் தாவவும் வேண்டாம். அதன் எடை, பருமன், ரீட் எண்ணிக்கை எல்லாம் கூடும். ரீட் கூடக்கூடப் பழுதுச் செலவும் கூடும். எங்கள் தேர்வு 34 கட்டை, 72 பாஸ். மூன்று ஸ்தாயிக்குச் சற்றுக் குறைவான வீச்சு, எல்லா 12 சுருதிக்கும் மேஜர், மைனர், செவன்த் என்று முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு அது போதும். நல்ல நிலையில் ஒரு 48 கிடைத்தால் அதையும் விட வேண்டாம். சந்தையில் 120 பாஸ் பெட்டிகள்தான் அதிகமாக, மலிவாகக் கிடைக்கும். தூக்க முடியாமல் விற்பவர்கள் அத்தனை பேர்.

எடை அவ்வளவு முக்கியமா?

ஆமாம். 120 பாஸ் பெட்டி 9 முதல் 12 கிலோ வரை வரும், 72 பாஸ் ஏறக்குறைய 7 அல்லது 8 கிலோ, 48 பாஸ் 5, 6 கிலோ. கையில் தூக்கிப் பார்ப்பது போதாது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தோள் வாரையும் மாட்டி, பெட்டியை இடது தொடைமேல் வைத்துக் கால்மணி நேரம் இருந்து பாருங்கள். கட்டைப் பலகையின் மேல்நுனி தாடையில் இடித்தாலோ, கீழ்நுனி வலது தொடைக்குள் இறங்கி உட்காராமல் போனாலோ அது உங்கள் உடலுக்குப் பெரியது.

எந்தக் கம்பெனி நல்லது?

கம்பெனிப் பெயர் ஓரளவுக்குத்தான் உதவும். ஜெர்மனியின் ட்ராசிங்கனில் 1857இல் தொடங்கிய ஹோனர், விளையாட்டுச் சாமானுக்குச் சற்று மேலான பெட்டியிலிருந்து மொரினோ, கோலா போன்ற உச்ச ரகம் வரை எல்லாம் செய்திருக்கிறது. எனவே "ஹோனர்" என்ற பெயர் மட்டும் எதையும் சொல்லாது, மாடல் பெயரைப் பார்க்க வேண்டும். இத்தாலியில் காஸ்தெல்ஃபிதார்தோ என்ற ஊர்தான் இந்தக் கருவியின் தலைநகர் மாதிரி; பாவ்லோ சோப்ரானி, பிஜினி இரண்டும் அங்கே பிறந்த பெயர்கள். அங்கிருந்து வேறு கடைக்காரர்களின் பெயர் பொறித்தும் நிறையப் பெட்டிகள் போயிருப்பதால், கேள்விப்படாத பெயராக இருப்பது ஒரு குறை இல்லை. பழைய கிழக்கு ஜெர்மனியின் க்ளிங்கந்தால் ஊரில் செய்த வெல்ட்மைஸ்டர் பெட்டிகள் மலிவாகவும் உறுதியாகவும் இருக்கும், கற்பவர்களுக்கு ஏற்றவை. சீனத் தயாரிப்புகளில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. கையிலெடுத்துச் சோதிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

துருத்தி கசிகிற இத்தாலியப் பெட்டியைவிட, எல்லாம் பேசுகிற வெல்ட்மைஸ்டர் மேல். முத்துப் பதித்தது போன்ற மினுமினுப்புக்கும் கண்ணாடிக் கற்களுக்கும் மதிப்பெண் கிடையாது.

நேரில் பார்க்கப் போகிறேன். என்ன வரிசையில் சோதிக்க வேண்டும்?

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சத்தமில்லாத அறை வேண்டும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது. ஆனால் கீழே உள்ள சோதனைகளுக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் கருவியை வைத்திருக்கும் உறைப்பெட்டியைத் திறந்ததும் மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். ஈரம் என்றால் துரு, ஊறிய அட்டை, சுருண்ட தோல். அந்த வாடை எளிதில் போகாது. மற்ற எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பி வந்துவிடலாம்.

அடுத்து, துருத்தி வார்கள் பூட்டியபடியே கருவியைக் கையிலெடுத்து மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயுங்கள். உள்ளே ஏதாவது கலகலவென்று உருண்டால் மெழுகு விட்டு ரீட் தகடு கழன்று விழுந்திருக்கலாம். ஒன்று விழுந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன.

மூன்றாவது காற்றுச் சோதனை. துருத்தி வார்களைக் கழற்றிவிட்டு, கட்டைப் பக்கத்தை இரு கையாலும் மேலே பிடித்து, பாஸ் பக்கம் கீழே தொங்கும்படி வையுங்கள். எந்தக் கட்டையையும் தொடக் கூடாது. பாஸ் பக்கத்தின் எடையால் துருத்தி தானாக மெல்ல விரியும். முழுதும் விரிந்து நிற்க விடாமல் இன்னொருவர் கீழே கை வைத்திருக்கட்டும். கை இறங்குவதே தெரியாத வேகத்தில் இறங்கினால் மிக நன்று. ஐந்தாறு நொடியில் பொத்தென்று விரிந்தால் கசிவு அதிகம். அப்படிப்பட்ட பெட்டியில் நீண்ட ஸ்வரம் ஒன்றைக்கூடப் பிடித்து நிறுத்த முடியாது, கை வலிதான் மிஞ்சும். கசிவு எங்கே என்று தேட, துருத்தி மூலைகளின் அருகே கன்னத்தைக் கொண்டுபோய்க் காற்று படுகிறதா என்று பாருங்கள். மூலைத் தோல் கிழிந்திருந்தால் எளிதில் சரியாகும். எல்லா மடிப்பிலும் காற்று வந்தால் துருத்தியே போய்விட்டது.

நான்காவது, கட்டைகள். முதலில் ஓசையில்லாமல் பார்வையால் மட்டும்: கண்ணைக் கட்டை மட்டத்துக்குக் கொண்டுவந்து, எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். துள்ளி எழ வேண்டும். ஈரத்தில் மரம் ஊதியோ, கட்டைகள் கோக்கப்பட்ட கம்பி துருப்பிடித்தோ சில கட்டை மெதுவாக எழும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. டக்டக்கென்று மரச் சத்தம் பெரிதாகக் கேட்டால் மூடிகளின் கம்பளித் துணி தேய்ந்துவிட்டது.

ஐந்தாவதுதான் முக்கியம். இரண்டு ரீட் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சு எதையும் அழுத்தாமல், ஒற்றை ரீட் மட்டும் ஒலிக்கும் ரெஜிஸ்டர் சுவிட்சை (எந்த ரீட் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) அழுத்துங்கள். கீழ்க் கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக, கருப்பு வெள்ளை இரண்டையும் விடாமல், ஒருமுறை இழுத்து ஒருமுறை தள்ளிக் கேளுங்கள். பிறகு அடுத்த ஒற்றை ரீட் சுவிட்ச், மறுபடி முதலிலிருந்து. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பல ரீட் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்று பேசாவிட்டால் காதுக்குத் தெரியாது, விற்பவர்கள் அந்த ரெஜிஸ்டரிலேயே வாசித்துக் காட்டுவார்கள்.

கேட்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை இவை. ஒரு திசையில் மட்டும் பேசாத ஸ்வரத்தில் தூசி சிக்கியிருக்கலாம், நாக்கு உடைந்தும் இருக்கலாம். ஸ்வரம் தாமதித்துத் தொடங்கினாலோ, திசை மாற்றும்போது 'பட்' என்று சத்தம் வந்தாலோ, காற்று ஊதுவது போல இரைந்தாலோ தோல் துண்டு சுருண்டிருக்கிறது. கரகரப்பு வந்தால் துரு, அல்லது நாக்கு துளையின் ஓரத்தில் உரசுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் பல ஒரே மாதிரி மந்தமாக ஒலித்தால் ரீட்களுக்குக் காற்றைத் திறந்து மூடும் ரெஜிஸ்டர் சறுக்குப் பட்டை பாதியில் நிற்கலாம். சுவிட்சை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பாருங்கள். கட்டையைத் தொடாமலே ஒரு ஸ்வரம் முனகிக்கொண்டிருந்தால் மூடி ஒன்று சரியாக உட்காரவில்லை.

பாஸ் பக்கத்தை எப்படிச் சோதிப்பது? பட்டன்களைப் பார்க்கவே முடியவில்லையே.

பாஸ் வரிசையில் சி பட்டனில் ஒரு குழியோ கல்லோ இருக்கும். விரல் அதைத் தடவிக் கண்டுபிடிக்கும். அங்கிருந்து மேலும் கீழுமாக ஒவ்வொரு பட்டனையும் இரு திசையிலும் அழுத்துங்கள். உள்ளே இறங்கிப் போய்த் திரும்பி வராத பட்டன்கள் இருந்தால், பெட்டி எங்கேயோ கீழே விழுந்திருக்கிறது, அல்லது யாரோ பாஸ் பக்கத்தைத் திறந்து சரியாக மூடவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கார்டு ஒலிக்கும் பட்டன்கள் எல்லாம் அதே 12 ஸ்வரங்களைத்தான் வெவ்வேறு சேர்க்கையில் திறக்கின்றன. சி மேஜர், எஃப் மேஜர், ஏ மைனர் மூன்றும் ஒரே மாதிரி ஓட்டையாக ஒலித்தால், மூன்றுக்கும் பொதுவான சி ஸ்வரத்தில்தான் கோளாறு. ஒரு ரீட்டோ ஒரு மூடியோ சரியானால் மூன்றும் சரியாகிவிடும். ஒரே ஒரு பட்டன் மட்டும் தப்பாக ஒலித்து, அதே ஸ்வரங்கள் வேறு பட்டனில் நன்றாக வந்தால் கோளாறு உள்ளே உள்ள கம்பிகளில். பாஸ் பக்கத்துக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை. அடியில் உள்ளதைத் தொட மேலுள்ளவை எல்லாவற்றையும் வரிசை மாறாமல் கழற்ற வேண்டும். பழகியவர்களே பெருமூச்சு விட்டுத்தான் தொடங்குவார்கள்.

சுருதி சரியாக இருக்கிறதா என்று எனக்கெப்படித் தெரியும்?

போனில் ஒரு டியூனர் செயலி போதும். ஒற்றை நடு ரீட் ரெஜிஸ்டரை வைத்து, மிதமான அழுத்தத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் காட்டுங்கள். பலமாக இழுத்தால் ரீட்டின் சுருதி கீழே இறங்கும், அதனால் ஒரே அளவில் இழுப்பது முக்கியம். ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இல்லாமல் 442இல் இருந்தால் கவலை வேண்டாம். பல பெட்டிகள் அப்படியே செய்யப்பட்டவை. எல்லா ஸ்வரமும் அதே அளவு மேலே இருக்கிறதா என்பதே கேள்வி. ஒன்று 5 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) மேலே, அடுத்தது 10 சென்ட் கீழே, அதற்கடுத்தது இழுத்தால் ஒன்று தள்ளினால் ஒன்று என்று முள் தாவினால், முழுச் சுருதி வேலை காத்திருக்கிறது.

இரண்டு நடு ரீட் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு நடுக்கம் கேட்கும். அது குறையல்ல, வேண்டுமென்றே வைத்தது. ஒன்றை 440இலும் மற்றதை 443, 444 அளவிலும் வைத்தால் நொடிக்கு மூன்று நான்கு துடிப்பு வரும். இந்த நடுக்கம் கட்டைக்குக் கட்டை சீராக, மேலே போகப் போகச் சற்று வேகமாக மாற வேண்டும். ஒரு கட்டையில் வேகமாகவும் அடுத்ததில் நடுக்கமே இல்லாமலும் இருந்தால் சுருதி கலைந்திருக்கிறது. நடுக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ரசனை. பாட்டுக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் கூட வாசிக்க நினைப்பவர்கள் குறைந்த நடுக்கமுள்ளதை எடுப்பது நல்லது.

உள்ளே திறந்து பார்க்கக் கேட்கலாமா?

கேட்கலாம். தயங்காமல் சம்மதிக்கிற விற்பவர்மேல் நம்பிக்கை கூடும். கட்டைப் பக்கத்து அலங்கார முகப்பை இரண்டு முதல் நான்கு திருகாணி பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் மூடிகள் தெரியும். துணியில் பூச்சி அரித்த ஓட்டை, துரு எல்லாம் கண்ணில் படும். இதில் ஆபத்து இல்லை.

ரீட்களைப் பார்க்க வேண்டுமானால் துருத்தியைக் கருவியின் உடம்போடு பிடித்திருக்கும் ஊசிகளைப் பிடுங்க வேண்டும். கொறடில் துணி சுற்றி, லேசாகத் திருகி, நேராக இழுக்க வேண்டும். எந்த ஊசி எந்தத் துளை என்று அட்டையில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்; மாறினால் தளரும். திறந்ததும் மெழுகைப் பாருங்கள். பளபளப்பாக, விரல் நகம் பதிந்தால் நல்லது. மங்கிப்போய், வெடிப்போடு, நகம் பட்டதும் தூளாக உதிர்ந்தால் முழுப் பெட்டிக்கும் மெழுகு மாற்ற வேண்டும். ரீட்கள் எஃகு நிறத்தில், மிஞ்சினால் லேசாக மங்கி இருக்கலாம். செம்மண் போலத் துரு பூத்திருந்தால் வேண்டாம். தோல் துண்டுகள் தகட்டோடு படுத்திருக்க வேண்டும், நகம் போல வளைந்து நிற்கக் கூடாது.

நீங்களே இதுவரை செய்ததில்லை என்றால் விற்பவர் வீட்டில் முதல் பரிசோதனையை நடத்தாதீர்கள்.

எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்?

தோள் வார், இடது கை வார் பிய்ந்திருப்பது, கருவியை வைக்கும் உறைப்பெட்டி இல்லாதது, மேல்பூச்சில் கீறல், செல்லுலாய்டு (பிளாஸ்டிக் போன்ற மேலுறை) ஓரம் சற்றுப் பிரிந்திருப்பது, ஒட்டிக்கொள்ளும் ஒன்றிரண்டு கட்டை, பேசாத ஒன்றிரண்டு ஸ்வரம். இவையெல்லாம் விலையைக் குறைக்கப் பயன்படும் காரணங்கள்.

துருத்திக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள அடைப்பு நாடா தேய்ந்து கசிவது நடுத்தரச் செலவு. மூடிகளின் துணி, தோல் முழுவதையும் மாற்றுவதும் அப்படியே. இவற்றில் ஒன்று மட்டும் இருந்து மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் யோசிக்கலாம்.

பூஞ்சை வாடை, துருப்பிடித்த ரீட், உதிரும் மெழுகு, முழுத் துருத்தியும் கசிவது, பாஸ் பக்கம் கலைந்திருப்பது, சுருதி எல்லா இடத்திலும் கலைந்திருப்பது: இதில் ஏதாவது ஒன்று என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் முதல் கருவியாக வேண்டாம். மெழுகு மாற்றி, தோல் மாற்றி, சுருதி சேர்ப்பது பல நாள் வேலை. மலிவுப் பெட்டியின் விலையை அந்தக் கூலி பெரும்பாலும் தாண்டிவிடும்.

நேரில் போக முடியவில்லை. படம் பார்த்து வாங்கலாமா?

படம் பார்த்து வாங்காதீர்கள். வெட்டி ஒட்டாத ஒரே வீடியோ கேளுங்கள்: ஒற்றை ரீட் ரெஜிஸ்டரில் எல்லாக் கட்டையும் இரு திசையில், பிறகு எல்லா பாஸ் பட்டனும், கடைசியில் துருத்தியைத் தொங்கவிட்டு நேரம் தெரிய ஒரு கடிகாரத்தோடு. முழுதும் விரித்த துருத்தியின் மூலைகளை அருகில் காட்டச் சொல்லுங்கள். "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்பது இதற்குப் பதிலாகாது. கட்டையை அழுத்த யாருக்கும் தெரியும்.

அனுப்பும்போது துருத்தி வார்கள் பூட்டியிருக்க வேண்டும். கட்டைகளுக்கு மேல் மெல்லிய பஞ்சு, கருவி அதன் பெட்டிக்குள் ஆடாமல் இறுக்கம், அந்தப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் மெத்தை, அதற்கு வெளியே தடித்த அட்டைப் பெட்டி. காய்ந்த மெழுகு குலுக்கலில்தான் விடும். பார்சலைப் பிரிப்பதையும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

இதே பணத்துக்குப் புதுசாகவே சின்னப் பெட்டி கிடைக்கிறதே?

ஏழு எட்டுக் கட்டை, சில பட்டன் வைத்து வரும் பிளாஸ்டிக் பெட்டிகள் விளையாட்டுச் சாமான்கள். அவற்றில் கற்க முடியாது. 26 கட்டை, 48 பாஸ் அளவில் வரும் மலிவான புதியவை கற்கப் போதுமானவை. காற்று கசியாது என்ற நிம்மதி உண்டு, சுருதி மட்டும் ஒருமுறை சோதியுங்கள். அருகில் பழுதுபார்ப்பவர் யாருமே இல்லாத இடத்தில் இருப்பவருக்கு நாங்கள் புதியதையே சொல்வோம்.

சின்னப் பழுதை நானே பார்க்கலாமா?

வாரை மாற்றலாம். துருத்தி மூலையில் தோல் ஒட்டலாம். ஒட்டும் கட்டைக்கு இடையிலுள்ள அழுக்கை மெல்லிய அட்டை நுழைத்து எடுக்கலாம். ஒரு ரீட் தூசியால் நின்றிருந்தால் நாக்கின் நுனியை மெல்லிய உலோகத் தகட்டால் லேசாகத் தூக்கி விடலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ உள்ளே அடிக்கவே கூடாது. அது தோலிலும் மெழுகிலும் ஊறி, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ரீட்டை வாயால் ஊதவும் கூடாது, மூச்சிலுள்ள ஈரம் எஃகில் படியும். சுருதிக்காக ரீட்டைச் சுரண்டும் வேலையில் இறங்கவே வேண்டாம். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பகுதியில் சுரண்டினால் இறங்கும் என்று படித்துவிட்டுத் தொடங்குபவர்கள் உண்டு. சுரண்டிய எஃகு திரும்பி வராது. செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பிரிந்த ஓரத்தைச் சூடுபடுத்தி ஒட்ட முயலாதீர்கள்.

ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும். இது சீக்கிரம் வந்துவிடுமா?

வலது கை வந்துவிடும். ஆனால் கட்டைகள் செங்குத்தாக நிற்பதால் பார்க்காமல் வாசிக்கப் பழக வேண்டும். துருத்தி வேறு விஷயம். ஆர்மோனியத்தில் காற்றைச் சேமித்துக் கொடுக்கும் உள்துருத்தி ஒன்று உண்டு. இங்கே இடது கை இழுக்கும் வேகம் அப்படியே ஒலியாகிறது. பாட்டின் வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கேதான் திசை மாற்ற வேண்டும். அதனால் காற்றுக் கசியாத பெட்டி உங்களுக்கு இன்னும் முக்கியம்.

வாங்கி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

விரிக்கும்போதும் மூடும்போதும் ஏதாவது ஒரு கட்டையை அல்லது காற்றுப் பட்டனை (ஸ்வரம் ஒலிக்காமல் காற்றை மட்டும் விடும் பட்டன்) அழுத்தியே செய்யுங்கள். எதையும் அழுத்தாமல் பலவந்தமாக இழுத்தால் துருத்தி மூலையும் அடைப்பு நாடாவும் கிழியும். வாசித்து முடித்ததும் துருத்தி வார்களைப் பூட்டி, பாஸ் பக்கத்துக் குமிழ்க் கால்கள் கீழே இருக்குமாறு நிறுத்தி வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். தேன்மெழுகு 60 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே உருகும், அதற்கு வெகு முன்பே இளகி ரீட் தகடு சரியத் தொடங்கும். ஈரமான இடத்தில் இருப்பவர்கள் உறைப்பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். நாளுக்குப் பத்து நிமிடமாவது எல்லா ஸ்தாயியிலும் வாசியுங்கள்; பல நாள் கிடந்து பேசத் தயங்கிய ரீட்கள் சில இரண்டு வாரத்தில் தாமாகவே தெளிந்துவிடும். தெளியாதவற்றை ஒரு காகிதத்தில், கட்டை, ரெஜிஸ்டர், திசை மூன்றும் குறித்து வைத்துக்கொண்டு ஒரே தடவையில் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெட்டியைத் திறந்தால் திறக்கும் கூலியையும் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியிருக்கும்.